ரோவேனாவுக்கு வாய்த்த இரண்டு பேச்சு

ரோவேனா பிலிப்பைன்ஸிலிருந்து எங்கள் தீவுக்கு வந்தபோது, வணக்கமும் நன்றியும் தவிர ஜப்பானிய மொழியில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. மீதியை எங்கள் சிப்பிக் கொட்டகையில்தான் பிடித்துக்கொண்டாள். விடிவதற்கு முன்பே நீள மேசையில் எதிரெதிராக அமர்ந்து, கத்தியால் சிப்பியின் ஓட்டைப் பிளந்து சதையை எடுக்கும் பெண்கள் நாங்கள். கையும் ஓயாது, வாயும் ஓயாது. வசவு, கேலி, மாமியார் கதை என்று காதில் விழுந்ததையெல்லாம் அவள் அப்படியே திருப்பிச் சொல்லிப் பழகினாள்.

அவளுக்கு எதிரே உட்காருபவர் மிட்சுயோ அக்கா. எங்களில் மூத்தவர், வாய் நீளம்.

"ஏண்டி, கையில இருக்கிறது கத்தியா, சோத்துக் கரண்டியா?"

"உனக்கு எப்பப் பாரு சோத்து நெனப்புதான்க்கா!"

கொட்டகை அதிர்ந்தது. அன்றிலிருந்து ரோவேனா எங்களில் ஒருத்தி.

பிறகு ஒருநாள் முகவரி மாற்ற நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். "இதற்கு ஒரு நகல் தேவைப்படுமா அம்மா?" என்று அங்கிருந்த இளைஞன் பணிவாகக் கேட்டிருக்கிறான். "எனக்கெதுக்குடா அது? நீயே வச்சுக்க" என்றிருக்கிறாள் இவள். வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?" என்று என்னிடம் கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

"தப்பில்லடி. வயசான மீன்காரன் பேசுற மாதிரி பேசியிருக்க, அவ்வளவுதான்."

அந்த மாதமே ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள். தான் சாப்பிட்டால் ஒரு சொல், மரியாதைக்குரியவர் சாப்பிட்டால் வேறு சொல். ஒரே எழுத்து, பக்கத்தில் நிற்கும் எழுத்தைப் பொறுத்துத் தன் ஒலியை மாற்றிக்கொள்ளும். "இந்த ஒரு எழுத்துக்கு எத்தன பேருதான் வச்சிருக்கீங்க?" என்று புலம்பினாலும், குளியலறைச் சுவர் வரை எழுத்துகளை ஒட்டிவைத்துப் படித்தாள்.

படித்ததைக் கொட்டகையிலும் பேசிப்பார்த்தாள். "மிட்சுயோ அவர்களே, அந்தக் கூடையைத் தந்து உதவ இயலுமா?"

மிட்சுயோ அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "இவளுக்கு எம்மேல என்ன கோவம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை.

எங்கள் மொழியில் மரியாதை கூடினால் நெருக்கம் குறையும். அதை எந்தப் பாடமும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. யாரிடம் எதைப் பேசுவது என்று பயந்து, அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் பெரும்பாலும் பேசாமலே சிப்பி உடைத்தாள்.

குளிர் முடிவதற்குள் மிட்சுயோ அக்காவின் கணவர் இறந்துபோனார். நானும் ரோவேனாவும் என் காரில் துக்க வீட்டுக்குப் போனோம். துக்கம் கேட்கும் வாசகத்தை வழியெல்லாம் முணுமுணுத்தபடி வந்தாள்.

"முழுசா சொல்லாத. கடைசிய வாய்க்குள்ளயே முழுங்கிடு" என்றேன்.

"டீச்சர் முழுசாத்தானே சொல்லிக் குடுத்தாங்க?"

"முழுசா சொன்னா மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற மாதிரி இருக்கும்டி."

ஊதுவத்தி ஏற்றிவிட்டு, மிட்சுயோ அக்காவின் முன் மண்டியிட்டுக் குனிந்தாள். வாசகத்தைத் தொடங்கினாள். முதல் சொல்லுக்குப் பிறகு எல்லாமே மறந்துவிட்டது. குனிந்தபடியே மிட்சுயோ அக்காவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, கையெல்லாம் சில்லுனு இருக்கே. எதாவது சாப்டியா?"

வெளியூர் உறவினர்கள் தலை நிமிர்ந்தார்கள். காலையிலிருந்து கல் மாதிரி உட்கார்ந்திருந்த மிட்சுயோ அக்கா, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதார்.

"இல்லடி. ஒண்ணும் எறங்கல."

ரோவேனா உள்ளே போய்ச் சோற்று உருண்டையும் சூடான தேநீரும் கொண்டுவந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள். பிறகு உறவினர்கள் பக்கம் திரும்பி, "தங்களுக்கும் தேநீர் கொண்டுவரட்டுமா?" என்று விசாரித்தாள். ஒரு விகுதிகூடப் பிசகவில்லை. தான் பேச்சை மாற்றியதை அவளே கவனித்ததாகத் தெரியவில்லை.

அதன்பின் அவள் பயப்படவில்லை. மொழித் தேர்வின் இரண்டாம் நிலையில் ஒருமுறை தோற்று, அடுத்த முறை தேறினாள். இப்போது காலையில் கொட்டகை. சில மதியங்களில் மருத்துவமனையில், புதிதாக வந்த பிலிப்பைன்ஸ்காரர்களுக்காக மொழிபெயர்ப்பு.

போன வாரம் தொலைபேசியில் அவள் அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, இவள் இங்கே அடிக்கு ஒரு தடவை ஜப்பானிய வழக்கப்படி தலையை ஆட்டி, ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் "ஹாய், ஹாய்" போட்டு உம் கொட்டினாளாம். "யாருக்குடி இங்கிலீஷ்ல சும்மா சும்மா ஹாய் சொல்ற?" என்று அம்மா கேட்டாராம். சிரிப்பை அடக்க முடியாமல் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னாள்.