மிஸ் என் கையைப் பார்த்தது

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: குழந்தை. குழந்தையின் அப்பா. அம்மா. பேபி சிட்டிங் நடத்திய மிஸ். அங்கே ஆயாவாக இருந்த நான்.

குழந்தையின் கன்னம் இரண்டும் பளாரென்று அறைந்த மாதிரி சிவந்திருந்தன. நீலசந்திரா ஏரியாவில் இருந்த அந்த பேபி சிட்டிங்கில் பிள்ளைகளைக் கழுவி, ஊட்டி, தூங்க வைத்தது நான்தான். எல்லார் கண்ணும் என்மேல் விழுந்தது. அப்பா ஆட்டோ ஓட்டுபவர். என் விரல்களைக் காட்டினார். கணுவெல்லாம் வீங்கி, டம்ளர்கூடப் பிடிக்க முடியாமல் இருந்தது.

"பாருங்க மிஸ், அடிச்ச கை எப்பிடி வீங்கியிருக்கு. பாக்ஸிங் கிளாஸ் நடத்துறீங்களா இங்க?"

அடிக்கவில்லை என்று ஒரு தடவை சொன்னேன். திரும்பச் சொன்னால் பொய் மாதிரி இருக்கும். மிஸ் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நெஜத்தச் சொல்லுங்கக்கா."

ஆட்டோக்காரர் பேச்சைவிட அதுதான் வலித்தது.

விரல் தடமே இல்லையே என்று சந்தேகப்பட்டவள் குழந்தையின் அம்மா. டாக்டர் வாயால் கேட்டுவிடலாம் என்று அப்பாவின் ஆட்டோவிலேயே எல்லாரும் பிரேசர் டவுன் போனோம். வழியெல்லாம் குழந்தை என் மடியில் தூங்கியது.

டாக்டரம்மா குழந்தையின் கன்னத்தையும் என் விரலையும் பார்த்தார். இரண்டும் ஒரே வைரஸ் என்றார். பிள்ளைகளுக்குக் கன்னம் சிவந்து போய்விடும். பெரியவர்களுக்கு மூட்டு வீங்கி வலிக்கும். ஏற்கெனவே ரத்தத்தில் நோய் இருப்பவர்களுக்கு ரத்தம் திடீரென்று குறைந்து ஆபத்தாகும். கன்னம் சிவப்பதற்குள் மற்றவர்களுக்கு ஒட்டி முடிந்திருக்கும். அப்புறம் கேட்டார், அங்கே வயிற்றுப்பிள்ளைக்காரி யாராவது உண்டா என்று.

மிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாலாம் மாதம். யாருக்கும் சொல்லவில்லை.

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றுதான் டாக்டரம்மா சொன்னார். வாராவாரம் ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளை தங்கவில்லை.

குழந்தையிடமிருந்து வந்ததா, என்னிடமிருந்தா, யாராலும் சொல்ல முடியவில்லை. மத்தியானம் மிஸ்ஸுக்குச் சோறு போட்டுக் கொடுத்தவள் நான். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. சோறு மட்டும் தானே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். நானே வேலையை விட்டு நின்றுகொண்டேன்.

இப்போது வேறு இடத்தில் பாத்திரம் தேய்க்கிறேன். வீக்கம் போய்விட்டது. தேய்த்து முடித்ததும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், மிஸ் பார்த்த மாதிரியே.

அன்று அறையில் ஐந்து பேர் என்று நினைத்திருந்தேன்.

ஆறு.