பதினோரு சங்கமும் ஒரு டைப் மிஷினும்

என் வீட்டுக்காரர் ரசலையன் இதுவரை பதினோரு சங்கங்கள் ஆரம்பித்திருக்கிறார். தெருமுனையில் இரண்டு வாலிபர்கள் சும்மா நின்று பேசினால் போதும், அவருக்குக் கை அரிக்கும். உடனே நோட்டை எடுத்து ஒருவனைத் தலைவர் என்றும் மற்றவனைப் பொருளாளர் என்றும் எழுதிவிட்டு, தாம் காரியதரிசி ஆகிவிடுவார். நாகர்கோவிலில் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிகிற பையன்களுக்குக் குறைவே கிடையாது. அதனால் சங்கங்களுக்கும் குறைவில்லை.

பந்து விளையாட்டுச் சங்கம் பதினேழு நாள் நடந்தது. பந்து குளத்தில் விழுந்தது. எடுக்க இறங்கிய தலைவருக்கு நீச்சல் தெரியாது. தலைவரை எடுத்துவிட்டார்கள், பந்து கிடைக்கவில்லை. வாசகசாலையில் பத்திரிகையைத் தொங்கவிட்ட கயிறு தாழ்ந்துபோய், மூன்று வாரம் அதை ஓர் ஆடுதான் ஒழுங்காக வந்து தின்றது. பேச்சுப் பயிற்சிச் சங்கத்தில் எல்லோரும் பேசினார்கள். கேட்க ஆளில்லை என்று கலைத்தார்கள்.

ஆறாவது சங்கம்தான் உருப்படியானது. ஊரை விட்டுப் போன ஒரு தோட்டத்துத் துரை தம் பழைய டைப் மிஷினைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வேதக்கோயிலுக்குப் பக்கத்து அறையில் வாலிபர் முன்னேற்றச் சங்கம் தொடங்கி, ஆறு பேர் டைப் படித்தார்கள். திருவனந்தபுரத்தில் நடக்கும் பரீட்சையில் தேறினால் சர்க்கார் வேலைக்கு வழி உண்டு. சொல்லிக்கொடுத்தவர் ரசலையன். அவருக்கு டைப் தெரியாது. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, "இடதுகை சுண்டுவிரல்! ஏலே, அது பெருவிரலு!" என்று கத்துவார்.

அப்போது எனக்கு இருபது வயது. படிப்பை முடித்துவிட்டு, வடசேரிச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்யும் என் அம்மா தங்கபாயின் வீட்டில் இருந்தேன். அப்பா இல்லை. அந்தப் பரீட்சையை எழுதியே தீரவேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. எனக்கு எட்டுகிற மிஷின் ஊரில் அது ஒன்றுதான். சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது: 'வாலிபர் என்பது ஆண்களையே குறிக்கும். ஆறுக்கு ஒன்று என்ற வாக்கில் விண்ணப்பம் தள்ளப்பட்டது. இப்படிக்கு, ரசலையன், காரியதரிசி.'

நான் அழுதேன். "பூசணிக்கா! அவனும் அவனுக்க சங்கமும்!" என்று திட்டிக்கொண்டே அழுதேன். அந்த வாரம் எங்கள் முற்றத்தில் கன்னி மாத அறுவடை நெல் காய்ந்துகொண்டிருந்தது. கோழி விரட்டும் வேலையை அம்மா என்னிடம் கொடுத்தாள். சனிக்கிழமை முழுக்க வெயிலில் உட்கார்ந்து கோழிகளையெல்லாம் ரசலையன் என்று நினைத்து விரட்டினேன்.

மறுநாள் அறுப்பின் பண்டிகை. விளைந்ததையும் வளர்த்ததையும் கோயிலில் முன்னால் கொண்டு வைப்போம். ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒருவர் ஒரு காணிக்கையைத் துணியால் மூடி வைப்பார். உள்ளே என்ன என்று தெரியாமலே ஏலம் கேட்கவேண்டும். ஜெபம் பண்ணி ஏலம் விட்ட பொருளை எவரும் திருப்பிக் கேட்கக் கூடாது.

உபதேசியார் சிலுவைதாசன் மூடிய பொருளுக்கு வந்தார். "ஒரு ரூவா!" என்றாள் அம்மா. மூடிய காணிக்கையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. போன வருஷம் எடுத்ததில் ஒரு கிழட்டுச் சேவல் இருந்து உபதேசியாரையே கொத்தியது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ரெண்டு!"

ரசலையன். அவர் சட்டைப்பையில் இரண்டு சக்கரக் காசுகூட இருந்திருக்காது. அம்மா மூன்று என்றாள். அவர் நான்கு என்றார். "எங்க பெரியம்மா இதுக்கு மேல கேக்கமாட்டாவ, கை நடுங்குது பாருங்க" என்று வேறு சொன்னார். அம்மாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. ஒன்பது ரூபாயில் அம்மா பேரில் மூன்று தரம் சொல்லி முடித்தார்கள். துணியை எடுத்தால், டைப் மிஷின்! பாடப்புத்தகம், மாற்று ரிப்பன், எண்ணெய்க் குப்பி எல்லாம் ஒழுங்காகக் கூட இருந்தன.

ஆறு மாணவர்களும் ஒருமிக்க "ஐயோ!" என்றார்கள். ரசலையன் தலையில் கை வைத்தார். "ரூம்பு ஒழுகிச்சுன்னு நனையாம இருக்க இங்க கொண்டு வச்சேன். யாரோ மூடி வச்சிருந்ததைப் பாத்து பலாப்பழம்னுல்லா நெனச்சேன்!" என்றார். தன் மிஷினுக்குத் தானே ஏலம் கூட்டிய மடையன் என்று கோயிலே சிரித்தது. ஒருவரும் சந்தேகப்படவில்லை. செய்தவர் ரசலையன் ஆயிற்றே.

திங்கட்கிழமை காலையில் ஆறு பேரையும் பின்னால் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மாமி, பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. பயலுவ பாவம்" என்றார்.

"நேத்து வரைக்கும் பெரியம்மா. இன்னைக்கு என்னலே மாமி?" என்று கேட்டாள் அம்மா. அவர் வாழைக்குலைகளைப் பார்த்தார். "கர்த்தருக்கு வச்சதை ஏலத்துல எடுத்தவ நான். திருப்பித் தரமாட்டேன். வேணும்னா இங்க வந்து படிங்க. ஆனா எனக்க மவ மொதல்ல அடிப்பா. அவ எழும்பின பொறவுதான் நீங்க."

அன்றே சங்கம் கூடி, 'வாலிபர் என்பது எல்லாரையும் குறிக்கும்' என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. வாழைக்குலைகளுக்கு நடுவே வகுப்பு நடந்தது. மாணவர்கள் அடித்ததைவிடத் தின்ற பழம் அதிகம். பரீட்சையில் நானும் மூன்று பேரும் தேறினோம். எனக்கு ஒரு வக்கீலிடம் வேலை கிடைத்தது. முதல் நாள் வேலைக்குப் போகையில் அம்மா சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கு வெட்கமும் பெருமையும் தாங்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவர் என்னைப் பெண் கேட்டு வந்தார். "மிஷின் இந்த வீட்டை விட்டுப் போவணும்னா அவகூடத்தான் போவும்" என்று அம்மா சொன்னாள். கல்யாண வண்டியில் நாங்கள் இருவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மிஷின் வசதியாக உட்கார்ந்து வந்தது.

போன சனிக்கிழமை முற்றத்தில் நெல் காயப்போட்டுக் கோழி விரட்டிக்கொண்டிருந்தேன். அவர் பன்னிரண்டாவது சங்கத்துக்கு விதிகள் எழுதிக்கொண்டிருந்தார். ஏழு வருஷமாக மண்டைக்கு எட்டாதது அப்போதுதான் எட்டியது.

"கேட்டேளா, அந்த அறுப்புப் பண்டிகை வாரம் முழுக்க எங்க முத்தத்துல நெல்லு காஞ்சுது. ஒரு சொட்டு மழை இல்ல. ரூம்பு எப்படி ஒழுகிச்சு?"

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. காது மட்டும் சிவந்தது.

"ஆறுக்கு ஒண்ணுன்னு நான் ஒருத்தனாட்டு தோத்தா, வேற என்னட்டி செய்ய?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பூசணிக்கா!" என்றேன்.