மூன்று துண்டு பாஸ்வேர்டு

போன செவ்வாய்க்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அக்காவின் போன். ஹலோகூடச் சொல்லவில்லை.

“ஏலே, அவிய போனத் தண்ணித் தொட்டில போட்டுட்டாவ. புதுசு வாங்கியாச்சு. மெயிலு தொறக்க மாட்டேங்குது. செத்த நேரம் வந்துட்டுப் போ.”

அவிய என்றால் என் அத்தான். ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்பவர். அந்த முறைதான் எங்களை அன்றைக்குப் பாடாய்ப் படுத்தியது.

ராஜபாளையத்தில் டவுன் பஸ் ஏறினேன். முன்சீட்டில் ஒருவர் மனைவிக்கு போனில் பாஸ்வேர்டு சொல்லிக்கொண்டு வந்தார். “கேப்பிட்டல் எம்... பொறவு நம்ம நாய் பேரு... பொறவு நீ பொறந்த வருசம்!” மம்சாபுரம் விலக்கு வருவதற்குள் பஸ்ஸே அதை மனப்பாடம் செய்துவிட்டது. இவர் ஒருவர்தானா? அடுப்படிக் காலண்டரில் பாஸ்வேர்டு எழுதிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் என் அத்தான் கண்டுபிடித்த முறையை மட்டும் எங்கேயும் பார்த்ததில்லை.

ஒரு மெயில் திறக்காவிட்டால் குடி முழுகிவிடுமா என்று கேட்காதீர்கள். முழுகத்தான் பார்த்தது. மஸ்கட்டில் இருக்கும் அவர்கள் மகள் செல்விக்கு இது நிறைமாதம். தலைப்பிரசவம். அக்கா போவதற்கு விசா விண்ணப்பம் போட்டு, அதை உறுதி செய்யும் லிங்க் அந்த மெயிலுக்கு வந்திருக்கிறது. அன்று மாலைக்குள் தட்டாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் பிள்ளையே பிறந்துவிடும்.

வேறு மெயிலுக்கு அனுப்பச் சொல்லலாமே? விசா ஆபீஸில் கேட்டோம், முடியாது என்றார்கள். ஃபர்காட் பாஸ்வேர்டு அமுக்கலாமே? அமுக்கினோம். அத்தான் எப்போதோ கைவிட்ட பழைய நம்பருக்கு ஓடிபி ஜோராகப் போய்ச் சேர்ந்தது.

“சரி அத்தான், பாஸ்வேர்டு என்ன?”

“எனக்கு மொதத் துண்டுதான் தெரியும் மாப்ளே.”

“துண்டா?”

விஷயம் இதுதான். வ. புதுப்பட்டிப் பக்கம் அத்தானுடைய குலதெய்வக் கோயில். அம்மன் நகைப்பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று பங்காளி வீட்டில் ஆளுக்கொரு சாவி. மூன்று பேரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். ஒருவரும் ஏமாற்ற முடியாது, ஒருவர் மேலும் பழி வராது. நல்ல ஏற்பாடுதான். அதை அப்படியே மெயிலுக்கும் பொருத்திவிட்டார் மனுஷன்! முதல் துண்டு அவருக்கு. நடுத்துண்டு அவர் தம்பிக்கு. கடைசித் துண்டு அக்காவுக்கு. ஒருவர் அடிக்கும்போது மற்ற இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். போனில் சொல்லக் கூடாது. எழுதவும் கூடாது.

“பேங்க்ல கூட இம்புட்டுப் பாதுகாப்பு கெடையாது” என்றார் பெருமையாக.

“அப்ப சின்ன அத்தானைக் கூப்பிடுங்க.”

அத்தான் ஜன்னல் பக்கம் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு டைல்ஸ் ஞாபகம் வந்தது.

சின்ன அத்தானுக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி யூனிட். கோயில் முன்சுவர் முழுக்கத் தன் செலவில் பளபளவென்று டைல்ஸ் பதித்தார். அத்தான் அதைப் பார்த்துவிட்டு, “பாத்ரூம் மாதிரி இருக்கு” என்றார். அதுவும் எங்கே? பங்காளிகள் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது. அன்றைக்கு நின்ற பேச்சுதான். அதற்குப் பிறகு வந்த திருவிழாவில்கூட இருவரும் வந்தார்கள், ஆளுக்கொரு பூட்டைத் திறந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்கள்.

நானே சின்ன அத்தானுக்கு போன் போட்டேன்.

“துண்டு தானப்பா? தாரேன். ஆனா போன்ல சொல்லக் கூடாதுன்னு அவியதான சட்டம் போட்டாவ? ஒரு வார்த்த அவிய கூப்பிடட்டும், வாரேன்.”

போனைக் கையால் பொத்திக்கொண்டு அத்தானிடம் சொன்னேன்.

“நான் எதுக்குக் கூப்பிடணும்? அவனுக்கு வர மனசிருந்தா வரட்டும்.”

ரெண்டு பேரும் தமிழ்தான் பேசுகிறார்கள். நடுவில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை! வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. மஸ்கட்டில் ஒரு பெண் அம்மா வருவாள் என்று காத்திருக்கிறாள். இங்கே இரண்டு பெரிய மனிதர்கள் யார் முதலில் வாய் திறப்பது என்று போட்டி போடுகிறார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

என்னைவிட அக்காவுக்கு. வெடுக்கென்று போனைப் பிடுங்கினாள்.

“தம்பி, டைல்ஸு நல்லாருக்கோ நல்லால்லையோ, அது அம்மன் பாத்துக்கிடுவா. எம் மவ அங்க ஒத்தையில கெடக்கா. நீங்க வாரியளா, இல்ல நான் பொறப்பட்டு ஒங்க யூனிட்டு வாசல்ல வந்து உக்காரட்டா?”

அந்தப் பக்கம் குரல் உடனே இறங்கிவிட்டது. “வாரேன் மதினி.”

பஸ்ஸைவிட வேகமாக வந்து நின்றது அவருடைய டூவீலர். பின்னால் பெரிய மூட்டை ஒன்று கட்டியிருந்தது. உள்ளே வந்து, அண்ணனைப் பார்க்காமல், மூட்டையை அக்கா முன்னால் வைத்தார்.

“பிள்ளைக்குத் துணி மதினி. நம்ம தறியில ஓட்டுனதுதான். நல்லா வெந்நியில அலசி, காயவச்சு மடிச்சிருக்கு. பச்சப்பிள்ள ஒடம்புக்கு உறுத்தாது.”

தொட்டுப் பார்த்தேன். அத்தனை மிருது.

“இத எப்பத் தம்பி எடுத்து வச்சிய?”

“செல்வி சேதி சொன்னான்னு கேள்விப்பட்ட அன்னைக்கே. குடுக்கத்தான் வழி தெரியல.”

 அத்தான் கண்ணாடியைத் தேடுகிற மாதிரி மேஜையைத் துழாவினார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

சடங்கு தொடங்கியது. அத்தான் அடித்தார், நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அடுத்து சின்ன அத்தான். கடைசியாக அக்கா. தட்டினால்... தவறு என்றது! மறுபடி அடித்தார்கள். மறுபடியும் தவறு. இன்னும் இரண்டு முறை தப்பினால் பூட்டிக்கொண்டுவிடுமோ என்று எனக்கு வேர்த்தது.

“முறையாவது ஒண்ணாவது! காட்டுங்க” என்று அந்தக் கண் படத்தை அமுக்கினேன். மூன்று துண்டும் திரையில் பளிச்சென்று தெரிந்தன. அக்காவின் துண்டு செல்வி. சின்ன அத்தானின் துண்டு அவர் வீட்டு நாய். எதிர்பார்த்ததுதான். அத்தானின் துண்டில்தான் ஒரு எழுத்து கூடுதலாக விழுந்திருந்தது.

அத்தான் வைத்திருந்த பெயர்: சுண்டெலி.

யார் சுண்டெலி? நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சின்ன அத்தானைப் பார்த்தாள். தொந்தியும் தொப்பையுமாக நிற்கும் அந்த முதலாளி, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

“சின்னதுல அண்ணன் என்னய அப்படித்தான் கூப்பிடுவாவ.”

“இப்பமும் அப்படித்தாம்ல” என்றார் அத்தான். “டைல்ஸு ஒண்ணும் அம்புட்டு மோசமில்ல. வெயிலு பட்டாத்தான் கண்ணு கூசுது.”

“பளபளக்காத மேட் டைல்ஸ் போட்டுருக்கலாம்ணே. நீங்க சொல்லலையே.”

கூடுதல் எழுத்தை அழித்தேன். மெயில் திறந்தது. லிங்கைத் தட்டினோம். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனாள்.

அதன் பிறகு என் பங்குக்கு ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் ஆப் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு கணக்குக்கும் யாராலும் ஊகிக்க முடியாத நீளப் பாஸ்வேர்டை அதுவே உண்டாக்கி, அதுவே பூட்டி வைத்துக்கொள்ளும். நாம் நினைவில் வைக்க வேண்டியது அந்த ஆப்பைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டை மட்டும். அது நீளமாக இருக்கட்டும், வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும். ஓடிபி வரும் நம்பர் இப்போது கையில் இருக்கிற நம்பர்தானா என்றும் பார்த்துவிடுங்கள். நாய் பெயரெல்லாம் வேண்டாம். நம்ம ஊரில் நாய்க்கு நம்மைவிடப் பெயர் அதிகம்.

“பெட்டி ஒண்ணுன்னா, சாவி யார்ட்ட இருக்கும்?” என்றார் அத்தான்.

“உங்ககிட்டதான்.”

“அது முறையில்ல மாப்ளே. மூணாத்தான் வைக்கணும்.”

ஒரே ஆள் மனதில் வைத்திருந்தால் போதும், தொல்லை இல்லை என்று விளக்க வாயெடுத்தேன். சின்ன அத்தான் அதற்குள் நாற்காலியை அண்ணன் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். சில தொல்லைகள் இருந்துவிட்டுப் போகட்டுமே.

மெயிலுக்குப் புதுப் பாஸ்வேர்டை ஆப்பே போட்டுவிட்டது. மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு மூன்று பேரும் புதுத் துண்டுகள் போட்டார்கள். நான் ஒழுங்காக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் கண்ணாடி பீரோவில் ஒன்று தெரிந்தது: தன் துண்டை அடிக்கும்போது சின்ன அத்தான், அண்ணனைப் பார்த்துக் கள்ளச் சிரிப்பு ஒன்று சிரித்தார்.

ஹேக்கர் யாராவது இந்தப் பத்தியைப் படித்தால்... தயவுசெய்து நீங்களும் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்!