இருவர் எண்ணிய பருந்துகள்

காலை மணி 9.12. முதலில் தென்பட்டது ஒரு தேன்பருந்து. வடக்கே, மின்கோபுரத்துக்குச் சற்று மேலே, இறக்கையை அசைக்காமல் வந்துகொண்டிருந்தது. அதை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். 9.20க்கு அதன் பின்னால் வந்த நாற்பத்தொரு கொண்டைப் பருந்துகளை அவர் மட்டும் பார்த்தார்.

அந்த அம்மா ஒரு பள்ளி வேன் ஓட்டுநர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். கிள்ளானில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருப்பவர். காலை ஆறரையிலிருந்து பதினான்கு பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றிப் பள்ளியில் இறக்குவார். பன்னிரண்டரைக்குப் போய்த் திரும்ப அழைத்து வருவார். இடைப்பட்ட நேரத்தில் அவருக்கு வேலை இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மொட்டைமாடியில் துணி உலர்த்த வந்தவர், தொலைநோக்கியோடு நின்ற என்னைப் பார்த்து, யாரை உளவு பார்க்கிறீர்கள் என்று கேட்டார். வானத்தைக் காட்டினேன். அப்போது தென்மேற்கே தேன்பருந்துக் கூட்டம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. நான் பன்னிரண்டு என்றேன். அவர் வெறும் கண்ணால் பார்த்துவிட்டு, பதிமூன்று என்றார். பதிமூன்றுதான்.

வடக்கே குளிர் தொடங்கும்போது சைபீரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கிளம்பும் பருந்துகள் மலேசியாவின் மேற்குக் கரையை ஒட்டி இறங்கி, கடலைத் தாண்டி சுமத்ராவுக்குப் போகும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் கிள்ளானின் மேலே போகிறவற்றை நாங்கள் எண்ணி, பறவை ஆர்வலர்கள் சிலருக்கு அனுப்புவோம். மின்கோபுரத்திலிருந்து எங்கள் மாடியின் தண்ணீர்த் தொட்டி வரை மனத்துக்குள் ஒரு கோடு. அதைத் தாண்டிய பறவையைத்தான் எண்ண வேண்டும். இருவரும் தனித்தனியாக எண்ணுவோம், அமுக்கினால் ஒன்று கூட்டும் இரும்புக் கிளிக்கரை அமுக்கி. எண்ணும்போது எண்ணிக்கையைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. மணிக்கொரு முறை ஒப்பிட்டு, இரண்டில் பெரிய எண்ணையே தாளில் எழுதுவோம். இருக்கும் பறவையைத் தவறவிடுவது எளிது, இல்லாத பறவையை யாரும் பார்ப்பதில்லை என்பது அதற்குக் காரணம். இந்த விதியை வைத்தவன் நான். முப்பது ஆண்டுகள் தமிழ் நாளிதழில் செய்தி திருத்தியவன். விதி இல்லாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது.

நான்கு பருவங்களாக எங்கள் எண்கள் இரண்டு மூன்றுக்கு மேல் வேறுபட்டதில்லை. ஐந்தாவது பருவத்தின் முதல் வாரத்தில் நான் ஆறு எழுதிய இடத்தில் அவர் முப்பது வைத்திருந்தார். மறுநாள் நான் பதினொன்று, அவர் எழுபத்திரண்டு. விதிப்படி எழுபத்திரண்டை எழுதினேன்.

“பேப்பர்காரரு கண்ணுக்கு எழுத்துதான் தெரியும் போல,” என்றார்.

நான் சந்தேகப்பட்டது என் கண்ணை. கடைத்தெருவில் உள்ள கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கிருந்த சீன இளைஞர் ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு, என் வயதுக்கு இவ்வளவு நல்ல பார்வை அதிர்ஷ்டம் என்று மலாயில் சொன்னார். தொலைநோக்கியைத் துடைத்தேன். நாற்காலியை அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில், அதே கோணத்தில் போட்டேன். அவர் கையை நீட்டிக் காட்டுவார்.

“உங்க தலைக்கு நேர் மேலதான் அண்ணே. தாழ்வாதான் போவுது.”

அண்ணாந்து பார்ப்பேன். வெள்ளை வானம். அதில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் கிளிக்கர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

அவர் சொன்ன விவரங்களில் பிழை இல்லை. மார்பின் குறுக்கே வெள்ளைப் பட்டை, திரும்பும்போது தெரியும் கொண்டை, கூட்டமாகச் சுழன்று உயரம் ஏறிப் பிறகு வரிசையாக வழுக்கிப்போகும் விதம். எல்லாம் அப்படித்தான் இருக்கும். பொய் சொல்ல அவருக்குக் காரணமும் இல்லை. என்னால் பார்க்க முடியாத ஏதோ ஒன்று எங்கள் மாடியைத் தினமும் காலையில் கடந்து போகிறது என்று எழுதுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. எழுதினேன். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், அவர் காட்டிய இடத்தில் குளிர்ந்த காற்று கழுத்தில் பட்டது போல இருந்தது. அதைத் தாளில் எழுதவில்லை.

என்னை உறுத்தியது மைனாக்கள். பருந்துக் கூட்டம் தாழ்வாகப் போனால் மைனாவின் குரல் மாறும், காகம் எழுந்து துரத்தும். எங்கள் தொட்டி மேல் இருந்த மைனாக்கள் அந்த நாட்களில் ஒரு முறைகூடத் தலையைத் தூக்கவில்லை.

மூன்றாவது வாரம் நான் வானத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் தலையைச் சற்றுச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கைப்பேசியையும் அப்படிச் சாய்த்துத்தான் பார்ப்பார். பழக்கம் என்று நினைத்திருந்தேன். கூட்டம் போகிறது என்றார். கூட்டம் போனால் கண் அதோடு போக வேண்டும். அவர் கண் ஓர் இடத்திலேயே நின்றது. பருந்துகள் ஒன்றுபோல வருவதில்லை, ஐந்தாறு சேர்ந்து வரும், இடைவெளி விடும், பிறகு இரண்டு வரும். கிளிக்கர் அதற்கேற்ப விட்டுவிட்டு அடிக்கும். அவருடைய கிளிக்கர் சுவர்க்கடிகாரம் போல ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு வேன் நினைவுக்கு வந்தது. நான்கு நாட்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். தினமும் பன்னிரண்டுக்கு அவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போவதைப் பார்த்தேன். மேலேயிருந்து பார்க்கும்போது வேன் மஞ்சளாக, சிறியதாக, ஒழுங்காகச் சந்தில் திரும்பும்.

ஐந்தாவது நாள் பத்தரைக்கு மழை பிடித்தது. மின்கோபுரம் மறைந்தது, பிறகு துறைமுகத்து கிரேன்கள், பிறகு எதிரே இருந்த கடைவீடுகள். மழையில் எந்தப் பருந்தும் பறக்காது. மின்தூக்கி அறையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். அவர் என்னோடு தன் மகள் சிங்கப்பூரிலிருந்து தீபாவளிக்கு வருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எதிரே இருந்தது சுண்ணாம்பு அடித்த சுவர். பேச்சு நிற்கவில்லை. மடியில் இருந்த வலது கையின் கட்டைவிரல் கிளிக்கரை அமுக்கிக்கொண்டே இருந்தது.

என்ன எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன்.

விரல் நின்றது. எதிர்ச்சுவரைக் காட்டினார்.

“சுவத்து மேலயும் போவுது அண்ணே.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நோன்புப் பெருநாள் விடுமுறையின்போது தொடங்கியிருக்கிறது. முதலில் பறவைகள் இல்லை. தரையில் பாய் பின்னியதுபோல் கோடுகள். இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய் அவருக்குப் பத்து வருடமாக உண்டு. கண்ணைச் சோதிக்கச் சொல்லி மருத்துவர் கொடுத்த கடிதம் பணப்பையில் மடித்தபடி இருக்கிறது. நேராகப் பார்க்கும் இடத்தில் நடுவில் ஒரு துண்டு இல்லை. அந்த இடத்தில்தான் இவையெல்லாம் வருகின்றன. ஓரங்கள் தெளிவாகத் தெரிகின்றன. பயமாக இல்லை என்றார். அவை சத்தம் போடுவதில்லை, அவரை ஒன்றும் செய்வதில்லை.

சாலையிலும் தெரிகிறதா என்று கேட்டேன்.

“ரோட்டுல ஆளுங்க. சின்னப் பிள்ளைங்க, தொப்பி போட்டுக்கிட்டு. எது நெசம், எது இல்லேன்னு எனக்குத் தெரியல. அதான் எல்லாருக்கும் பிரேக் போடுறேன்.” என் பக்கம் திரும்பினார். “நீங்க சொன்ன கணக்குதானே? ரெண்டுல பெருச எடுத்துக்கணும்.”

இன்று வேனை எடுக்காதீர்கள் என்றேன். பிள்ளைகள் பன்னிரண்டரைக்குப் பள்ளி வாசலில் நிற்பார்கள், யார் போவது என்று கேட்டார். எனக்குக் கார் ஓட்டவே தெரியாது. அப்படியானால் நானும் வருகிறேன் என்றேன். வாருங்கள், பாருங்கள், பிறகு யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மழை விட்டிருந்தது. முன்னிருக்கையில் உட்கார்ந்தேன். போகும்போது இரண்டு முறை நிறுத்தினார். ஒரு முறை சாலையில் நாய் இருந்தது. மற்றொரு முறை ஒன்றும் இல்லை. பள்ளி வாசலில் பதினான்கு பிள்ளைகளும் ஏறினார்கள். இன்று முன்னால் தாத்தா இருக்கிறார் என்று ஒருவன் மற்றவனிடம் சொன்னான். வேன் முப்பதுக்கு மேல் போகவில்லை. நான் மடியில் தாளை வைத்துக்கொண்டு, அவர் நிறுத்திய இடத்தையும் அங்கே யார் இருந்தார் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

பெரிய சாக்கடையை ஒட்டிய திருப்பத்துக்கு வந்தோம். ஒரு பக்கம் தொழிற்சாலையின் நீண்ட சுவர், இன்னொரு பக்கம் வேலி. நடைபாதைகூட இல்லாத இடம். திருப்பத்துக்கு முன்பே பின்னால் சலசலப்பு அடங்கியது. திரும்பிப் பார்த்தேன். பதினான்கு பிள்ளைகளும் தங்களுக்கு முன்னால் இருந்த இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் பிரேக் போட்டார்.

சாலையில் யாரும் இல்லை. ஈரத் தார், சுவர், வேலி. வேன் நின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏழெட்டு வினாடி இருக்கும்.

“ஆன்டி, போயிட்டாங்க,” என்றாள் இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு சிறுமி.

வேன் நகர்ந்தது. பிள்ளைகள் கம்பியை விட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள்.

யார் போனார்கள் என்று அந்தச் சிறுமியைக் கேட்டேன்.

“தெரியல லா, அங்கிள். ஆன்டிக்குத் தெரிஞ்சவங்க.”

அவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். பிள்ளைகளுக்கு இது தெரியும் என்பது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். அடுத்த தெருவில் திரும்பினோம். நேரான தெரு, வண்டிகள் இல்லை. எங்களுக்கு முன்னால், அதே திசையில், தெருவின் நடுவில் ஒரு வயதான மனிதர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். நீலச் சட்டை, பின்னால் எரிவாயு சிலிண்டர். ஐம்பது மீட்டர் தூரத்தில் அவரைப் பார்த்தேன். நாற்பது. வேனின் வேகம் குறையும் என்று காத்திருந்தேன். முப்பது. பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் கம்பியைப் பிடிக்கவில்லை.

“நிறுத்துங்க,” என்றேன்.

நிறுத்தினார். பிள்ளைகள் முன்னால் சரிந்தார்கள். ஒருவனுக்கு உதட்டில் கம்பி இடித்தது. சிலிண்டருக்கும் வேனுக்கும் இடையே ஒரு கை அகலம் இருந்தது. கிழவர் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. இடது பக்கச் சந்தில் திரும்பி, சீராக மிதித்துக்கொண்டு போனார்.

“ஒருத்தர் இருந்தாரா அண்ணே?”

“இருந்தார்.”

சாவியைத் திருப்பி இயந்திரத்தை அணைத்தார். சாவியை எடுத்து என் மடியில் இருந்த தாளின் மேல் வைத்தார்.

அங்கே ஒரு மளிகைக் கடை இருந்தது. பிள்ளைகளை அதன் நிழலில் வரிசையாக உட்கார வைத்தோம். கடைக்காரர் உதடு வீங்கிய பையனுக்கு ஐஸ் கொடுத்தார். வேன்காரம்மாவின் கைப்பேசியில் ஒவ்வொரு எண்ணாக நான் தேடி அழுத்திக் கொடுக்க, அவர் பேசினார். எல்லோரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்: பிள்ளை நன்றாக இருக்கிறான், இந்த இடத்துக்கு வந்து அழைத்துப் போங்கள், எனக்குக் கண் தெரியவில்லை, நாளையிலிருந்து வேன் வராது. சில பெற்றோர் வேலையிலிருந்து வந்தார்கள். ஒரு தகப்பனார் மோட்டார் சைக்கிளில் வந்து, ஒன்றும் கேட்காமல் தன் இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார். உதடு வீங்கியவனின் தாய் நீண்ட நேரம் சத்தம் போட்டார். வேன்காரம்மா நின்று கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது வரிசைச் சிறுமியின் வீட்டில் மட்டும் யாரும் எடுக்கவில்லை. தாய் தொழிற்சாலையில் பகல் வேலை; கைப்பேசியை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். மூன்று மணி வரை பார்த்துவிட்டு, வாடகைக் காரில் நாங்களே அவளைக் கொண்டுபோய் விட்டோம். கதவைத் திறந்த பெண் அந்த வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவர். தாயிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். வேன்காரம்மா தாய்க்குக் குரல் செய்தியும் அனுப்பினார். இரவு பத்து மணிக்கு என்னை அழைத்து, அந்தச் செய்தி இன்னும் கேட்கப்படவில்லை என்றார்.

மறுநாள் காலை அந்தச் சிறுமியின் வீட்டுத் தெருவுக்குப் போனேன். மணி 6.31. சிறுமி கேட்டுக்கு வெளியே, பையை முதுகில் மாட்டிக்கொண்டு, வேன் வரும் திசையைப் பார்த்தபடி சாலையோரத்தில் நின்றிருந்தாள்.