வெண்கட்டியில் வரைந்த வீடு

நான் பிறந்து வளர்ந்த வீட்டின் படம் ஒரு நாள் என் கைப்பேசிக்கு வந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் தோழி அனுப்பியிருந்தாள். பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனின் பழைய கட்டடங்களில் பட்டறைகளும் நிகழ்ச்சிகளும் நடத்தும் ஒரு குழு அந்தப் படத்தைப் போட்டு, இந்த வீட்டில் எப்போதாவது குடியிருந்தவர்கள் இருந்தால் வாருங்கள் என்று நான்கு மொழிகளில் அழைத்திருந்தது. தமிழில் மட்டும் எழுத்துப் பிழை இருந்தது. 'உங்க வீடுதானே?' என்று தோழி கேட்டிருந்தாள். எங்கள் வீடுதான். வாசல் கதவின் பச்சை மட்டும் சாம்பல் நிறமாக மாறியிருந்தது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது அந்த வீடு. கீழே நாங்கள், மாடியில் சீனக் குடும்பங்கள். குறைந்த வாடகைக்குப் பாதுகாப்புக் கொடுத்த சட்டம் இருந்தவரை எங்களைப் போன்றவர்கள் நகரத்தின் நடுவிலேயே வாழ முடிந்தது. அந்தச் சட்டம் போன பிறகு தெருவே காலியானது. அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். நானும் அம்மாவும் தீவை விட்டுப் பாலம் தாண்டி வந்துவிட்டோம். இப்போது சிம்பாங் அம்பாட்டில் என் கணவர், நான், அம்மா என்று மூன்று பேர்.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பட்டறைக்கு வருகிறீர்களா என்று கேட்டதற்கு, "அங்க என்ன இருக்கு பாக்க? வெறும் செவுரு" என்று சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார். முழங்கால் வலிக்காகத்தான் மறுக்கிறார் என்று நினைத்து நான் மட்டும் போனேன்.

உள்ளே தடுப்புப் பலகைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தார்கள். நாங்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வாழ்ந்த இடம் ஒரு மண்டபம் போல நீண்டு கிடந்தது. நடுவில் மழையும் வெயிலும் நேராக இறங்கும் திறந்தவெளி மட்டும் அப்படியே இருந்தது. பட்டறையை நடத்தியவர் என் வயதையொத்த மலாய்ப் பெண்மணி. கட்டடக் கலைஞராம். இந்த வீட்டைப் பற்றி அவர் எந்த உரையும் ஆற்றவில்லை. குடியிருந்தவர்கள் வெண்கட்டியை எடுத்து, எது எது எங்கே இருந்தது என்று தரையில் வரைய வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்டு உதவ வேண்டும், அவ்வளவுதான் என்றார். பல்கலைக்கழக மாணவர்கள், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், ஒரு ஜப்பானியத் தம்பதி என்று கொஞ்சம் பேர் சுற்றி நின்றார்கள்.

இத்தனை பேருக்கு முன்னால், இந்த வயதில், தரையில் மண்டியிட்டு வரைவதா என்று முதலில் கூச்சமாக இருந்தது. கட்டிலை வரைந்தேன். அதன் காலடியில் துணி வைக்கும் இரும்புப் பெட்டி. சாமி படங்கள் இருந்த பலகை. அப்பா துறைமுகத்திலிருந்து வந்ததும் சைக்கிளைச் சாய்த்து வைக்கும் சுவர். ஜப்பானியப் பெண் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். எங்கே உட்கார்ந்து படிப்பீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். யோசிக்காமல் மாடிப்படியின் மூன்றாம் படியைக் காட்டினேன். அதை நான் மறந்தே போயிருந்தேன். கை ஞாபகம் வைத்திருந்தது.

பிறகு சமையலறைக்கு நகர்ந்து, சன்னலுக்குக் கீழே அடுப்பை வரையத் தொடங்கினேன்.

"அடுப்பு அங்க இல்ல. இங்க."

திரும்பிப் பார்த்தேன். துணித் தொப்பி அணிந்த ஒரு சீன மாது நின்றிருந்தார். அறுபது வயதைத் தாண்டியிருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி. கையில் நீல வெண்கட்டி. மாடியில் குடியிருந்தவர்களுக்கு நீலம் கொடுத்திருந்தார்கள். எதிர்ச்சுவரின் ஓரமாக அவர் குனிந்து ஒரு கட்டம் போட்டார்.

பினாங்கில் தமிழ் பேசும் சீனர்களைப் பார்ப்பது பெரிய அதிசயமில்லை. சந்தையில் நான்கு வார்த்தை பேசுவார்கள். ஆனால் இவர் பேசியது சந்தைத் தமிழ் இல்லை. எங்கள் வீட்டுத் தமிழ். அடுப்பு சன்னல் பக்கம்தான் இருந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"மொதல்ல இங்க. அப்புறம் பாப்பா வந்துச்சு. பாப்பாவுக்கு புகை ஆகாது. அப்பா அடுப்ப அங்க தூக்கி வெச்சாரு." சொல்லிவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "நீ சின்னவளா?"

நான் என் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. ஆனாலும் அம்மா என்னைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார். சொந்தக்காரர்கள்கூடக் கேலி செய்வார்கள், பெரியவள் எங்கே என்று. அம்மா பதில் சொன்னதில்லை. செல்லப்பெயர் என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது பெரியவள் என் முன்னால் நீல வெண்கட்டியோடு நின்றிருந்தார்.

நான் அழுதேனா என்று தெரியவில்லை. கண் கலங்கியிருக்க வேண்டும். ஏனென்றால் அவர் என் தோளைத் தட்டி, "அழாத. மூஞ்சி கழுவு. வா" என்றார். அந்த மூன்று வாக்கியங்களும் அதே இறக்கத்தோடு, அதே அவசரத்தோடு, அப்படியே அம்மாவுடையவை. அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அப்படித்தான் என்பதைப் பிறகு கவனித்தேன். ஓடாத, விழுவ. எண்ணெ வெக்கணும், உக்காரு. இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்க. ஒரு குழந்தையிடம் சொல்லப்பட்டவையே அவரிடம் மிஞ்சியிருந்தன. அதற்கு மேல் பேச வேண்டியதற்கெல்லாம் மலாய்க்குத் தாவினார்.

திறந்தவெளியின் ஓரத்தில் உட்கார்ந்து மலாயிலேயே தன் கதையைச் சொன்னார். அவருடைய அம்மா பகலெல்லாம் ஒரு காப்பிக் கடையில் வேலை செய்தவர். அப்பா கப்பலில். தவழும் வயதிலிருந்தே அவரைக் கீழே என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவார்களாம். என் அம்மாவுக்குக் கல்யாணமாகி நெடுநாள் பிள்ளை இல்லை. அந்தப் பிள்ளைதான் பிள்ளை. மாடிப்படிக்குக் கீழே அவருக்கென்று ஒரு பாய் இருந்தது. அதையும் நீலத்தில் வரைந்திருந்தார். அவருக்குப் பத்து வயதானபோது நான் பிறந்தேன். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க நடந்திருக்கிறார். நான் நடக்கப் பழகுவதற்குள் அவருடைய குடும்பம் ஈப்போவுக்குப் போய்விட்டது.

கிளம்பிய நாளில் என் அப்பா வெளியே வந்து சாமான்களை ஏற்ற உதவினாராம். என் அம்மா வரவே இல்லை. சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. இவர் தட்டியிருக்கிறார். திறக்கவில்லை. "சொந்தப் பிள்ளை வந்துவிட்டது, இனி நான் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தேன்" என்று மலாயில் சொல்லிவிட்டு, எதுவும் நடக்காதது போல என்னைப் பார்த்துச் சிரித்தார். இவ்வளவு காலம் அதைச் சுமந்திருக்கிறார். அம்மா உயிரோடு இருக்கிறார் என்று நான் சொன்னதும் கையிலிருந்த வெண்கட்டியைத் தரையில் வைத்தார்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியபோது அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மாடி வீட்டு அக்காவைப் பார்த்தேன் என்று சொன்னேன்.

"எந்த மாடி?" என்றார், எங்களுக்கு வேறு மாடி இருந்ததைப் போல. கை நின்றுவிட்டது. "முடி இன்னும் நீளமா இருக்கா?" என்று கேட்டார்.

குட்டையாக வெட்டிவிட்டார் என்றேன்.

"எண்ணெ வெச்சு வெச்சு வளத்தேன். அவ முடியில எண்ணெயே நிக்காது, வழுக்கிட்டு ஓடிடும்." கீரையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். நான் பின்னால் போகப் பார்த்தேன். என் கணவர் வேண்டாம் என்று கண்ணால் சொன்னார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது, அதை மறைத்து எழுத ஒன்றுமில்லை. அவரை அம்மா என்று முதலில் கூப்பிட்டது நான்தான் என்று நினைத்தே வளர்ந்திருந்தேன். அந்த வாரம் முழுக்கத் தொழிற்சாலைப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, எனக்கு முன்பு அந்த வீட்டில் இருந்த அம்மாவைக் கற்பனை செய்து பார்த்தேன். இளம்பெண், கையில் சீப்பு, மடியில் ஒரு சீனக் குழந்தை. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை வந்தது. அது வந்த பிறகு பொறாமை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

வெள்ளிக்கிழமை அம்மா கேட்டார், "நாளைக்கு காடி எடுப்பியா?"

பட்டறையின் இரண்டாம் பகுதி அந்தச் சனிக்கிழமை. வெண்கட்டியில் வரைந்த அறைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, குடியிருந்தவர்களே சுற்றிக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. அம்மா விடியற்காலையிலேயே எழுந்து எலுமிச்சைச் சோறும் நெத்திலி வறுவலும் செய்து அடுக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டார். காரில் பாலம் தாண்டும்போதும் சட்டியை மடியிலேயே வைத்திருந்தார்.

நாங்கள் போனபோது அக்கா மாடிப்படிக்குக் கீழே நின்று, வந்தவர்களுக்குத் தன் பாயைக் காட்டி ஹொக்கியன் சீனத்தில் பேசிக்கொண்டிருந்தார். அம்மா கைத்தடியை ஊன்றி வாசலிலேயே நின்றுவிட்டார். அக்கா திரும்பினார். பேச்சு பாதியில் நின்றது.

"மெலிஞ்சு போயிட்ட" என்றார் அம்மா.

அக்கா கிட்டே வந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "அம்மா, பசியாறுனியா?" என்றார்.

மரியாதைச் சொல் அவருக்குக் கற்றுக்கொடுக்கப்படவில்லை. அதற்குள் பிரிந்துவிட்டார்கள். அம்மா அவர் கன்னத்தைத் தொட்டார். தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தக் குட்டை முடியைத் தடவிப் பார்த்தார்.

சமையலறை இருந்த இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டேன். அக்கா மலாயில் கேட்க ஆரம்பித்தார். அன்றைக்கு ஏன் வெளியே வரவில்லை, நான் ஏதாவது தப்புச் செய்தேனா என்று. அம்மாவுக்கு மலாய் புரியும். ஆனால் இதற்குத் தமிழில்தான் பதில் சொல்வேன் என்றார். என்னைப் பார்த்து, நீ சொல் அவளுக்கு என்றார்.

"கெளம்புறதுக்கு மொத நாளு அவ அம்மாகிட்ட போய் கேட்டேன். புள்ளய எங்கிட்டயே விட்டுட்டுப் போங்க, நான் வளத்துக்கறேன்னு. பெத்தவகிட்ட அப்படிக் கேக்கலாமா? அவ ஒண்ணும் பேசல. கதவ சாத்திட்டா. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நான் அஞ்சடியில வந்து நிப்பேன்?"

அஞ்சடி என்பது கடைவீடுகளுக்கு முன்னால் உள்ள நடைபாதை. நான் மலாயில் சொல்லத் தொடங்கினேன். என் அம்மா இன்னொரு பிள்ளையைக் கேட்டு நின்ற கதையை, நான் கைக்குழந்தையாக அதே வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது நடந்ததை, என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. 'பெத்தவ' என்ற இடத்துக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மெதுவாகச் சொல், அவசரமில்லை என்றார்.

முழுவதையும் கேட்டு முடித்த பிறகு அக்கா என் கையை விட்டுவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தார். பிறகு, ஈப்போவுக்குப் போன பேருந்தில் தன் அம்மா வழி முழுக்கத் தன் கையை விடவே இல்லை என்று சொன்னார். விரல் வலித்ததாம். அப்படிக் கை பிடிக்கிற பழக்கமே இல்லாதவர். ஏன் என்று இப்போதுதான் புரிகிறது என்றார். அவர் சொன்னது அம்மாவுக்கே புரிந்தது, நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "பாவம், அவ பயந்திருப்பா" என்று அம்மா முனகினார். தன்னிடம் கதவைச் சாத்திய அந்தப் பெண்ணுக்காக.

மலாய்ப் பெண்மணி எங்களைக் கவனித்திருக்க வேண்டும். வந்தவர்களை எல்லாம் மெல்ல மாடிக்கு அழைத்துப் போய்விட்டார். அம்மா அடுக்குச் சட்டியைத் திறந்தார். நாங்கள் மூவரும் தரையில் வரைந்திருந்த இரண்டு அடுப்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்காவுக்கு அம்மா இரண்டாம் முறையும் சோறு வைத்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருந்தும் அக்கா சொல்லவில்லை.

சில நாள் கழித்து அந்தக் குழு அம்மாவின் கதையைப் பதிவு செய்து அடுத்த கண்காட்சியில் வைக்கலாமா என்று கேட்டது. ரொம்பப் பணிவாகத்தான் கேட்டார்கள். "கட்டில் எங்க இருந்துச்சு, கொழாய் எங்க இருந்துச்சுன்னு கேட்டா சொல்றேன். இது எங்க வீட்டு வெசயம் லா" என்றார் அம்மா. அப்படியே சொல்லி அனுப்பினேன். கட்டிலையும் குழாயையும் பதிவு செய்துகொண்டார்கள்.

பள்ளி விடுமுறையின்போது அக்காவின் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று அம்மா கிளம்பினார். நானும் கணவரும் ஈப்போவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். இரண்டு நாளில் கூட்டிவரலாம் என்று பேச்சு. கூட்டிவர எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டு அழைத்தேன். பின்னணியில் பாத்திரச் சத்தமும், எதற்கோ அக்கா சிரிக்கிற சத்தமும் கேட்டன.

"இன்னும் ஒரு வாரம் இருந்துட்டு வரேன்" என்றார் அம்மா. "ஒனக்கென்ன, சமைக்கத் தெரியாதா?"

தெரியும் என்றேன். அன்றைக்குச் சமைக்கவில்லை. கணவரும் நானும் கடைக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு நடந்தே வந்தோம்.