மூன்று சுப்பையாக்களில் யார் முதலில்?

கணினி வரிசைப்படுத்தி அனுப்புவது உண்மையிலேயே வரிசைதானா என்று சோதிக்கும் நிரல்களை எழுதுவது என் தொழில். இத்தொழிலில் மாட்டிக்கொண்ட அன்பர்களுக்கு என் அனுதாபம்.

எல்லாம் பச்சை

காரைக்குடியில் எங்கள் சிறிய அலுவலகத்துக்கு வயிரவன் ஒரு வேலை கொடுத்தார். அவருடைய தந்தையின் எண்பதாம் கல்யாணத்தன்று, பேரப்பிள்ளைகளின் படங்கள் அகரவரிசையில் மண்டபத் திரையில் தோன்ற வேண்டும். ஒவ்வொரு பெயரும் முந்தைய பெயருக்குப் பின்னால்தான் வருகிறதா என்று பார்க்கும் சோதனையை எழுதினேன். உடனே பச்சை விளக்கு, அதாவது தேர்ச்சி. ஐயப்பட்டுத் திறந்து பார்த்தால், பெயர்களை அனுப்ப வேண்டிய சர்வர் கணினி ஒரு பெயரைக்கூட அனுப்பியிருக்கவில்லை. திரைக்கான நிரலை எழுதிய பிரபு அசரவில்லை.

“அக்கா, ஆளே இல்லாத எடத்துல யாரு யார முந்தப் போறாக?”

ஒழுங்கின் விபரீதம்

அடுத்து, மாதிரிப் பெயர்களை பிரபுவே உள்ளிட்டான். ஒழுங்கான பிள்ளை, அழகப்பன், கண்ணாத்தாள், மீனாட்சி, வள்ளியம்மை என்று அகரவரிசையிலேயே உள்ளிட்டுவிட்டான். மீண்டும் பச்சை. எனக்கு மனம் கேட்கவில்லை. வள்ளியம்மையை முதலிலும் அழகப்பனைக் கடைசியிலும் போட்டேன். சிவப்பு! வரிசைப்படுத்தும் கட்டளையை எழுதவே அவன் மறந்திருந்தான்.

“செவனேன்னு நின்னவுகள ஏன்க்கா கலைச்சு விட்டீக?”

தாத்தாவின் பெயர்

பிறகு உண்மையான பெயர்கள் வந்தன. முதல் முறை வந்த படவரிசையே எப்போதும் வருகிறதா என்பதையும் சோதனையில் சேர்த்தேன். காலையில் பச்சை காட்டிய சோதனை மாலையில் சிவந்தது. காரணம் எளிது: தாத்தா சுப்பையா. அவருடைய மகன்கள் மூவரும் வழக்கப்படி தத்தம் மூத்த மகனுக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள். பெயர் ஒன்றாகவே இருந்ததால், ஒவ்வொரு முறையும் சர்வர் தன் விருப்பத்துக்கு ஒரு சுப்பையாவை முன்னே நிறுத்தியது.

நடு மகனான வயிரவனை வரவழைத்தேன். “வயதில் மூத்தவரை முதலில் வைத்துவிடலாமா?” என்றேன்.

“ஐயையோ! தம்பி மகன்தான் மூத்தவன். அண்ணன் வீட்டுல விட்டு வைப்பாகளா?”

“அப்படியானால் அண்ணன் மகனை?”

“தம்பி சம்சாரம் மண்டபத்துக்கே வராது மேடம். என் மகனப் போட்டா ரெண்டு வீடும் வராது.”

பேசிக்கொண்டே என் கணினியில் இருந்த படப் பக்கத்தை மறுபடி திறந்தார். வேறொரு சுப்பையா முன்னால் நின்றான். இன்னொரு முறை திறந்தார், இன்னொருவன். வியர்த்திருந்த முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

“இதச் சரிபண்ணிராதீக மேடம்! கோவிச்சுக்கிட்டு வர்றவுககிட்ட, ‘இன்னொரு தடவ தொறங்க, உங்க மகன்தான் முதல்ல’ன்னு சொல்லிக்கிறேன்.”

இப்போது என் சோதனை சுப்பையாக்கள் மூவரும் அடுத்தடுத்து நிற்கிறார்களா என்பதை மட்டுமே பார்க்கிறது. முதலில் யார் என்று கேட்கும் துணிவு அதற்கும் இல்லை, எனக்கும் இல்லை.