உரிய வழியாக ஒரு காதல் பாட்டு

அரசு ஊழியர் கதை, கவிதை போன்ற கலைப் படைப்புகளை வெளியிட முன் அனுமதி பெற வேண்டியதில்லை. நடத்தை விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. விதி இவ்வளவு தெளிவாக இருந்தால் அலுவலகத்தில் யாருக்கும் கை ஓடாது என்பது வேறு விஷயம்.

போன பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனேன். அடி அண்ணாமலையில் ஒரு தள்ளுவண்டிக்காரர் வாணலி விளிம்பைக் கரண்டியால் தட்டிக் கடலை வறுத்துக்கொண்டிருந்தார். சூடான மணல் வாசம். என் கால் தானாக நின்றது. முட்டி வலி என்று மனைவி நினைத்துக்கொண்டாள், நான் திருத்தவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளன். நண்பன் ஏகாம்பரம் மெல்லிசைக் குழு வைத்திருந்தான். பகலில் கீழ்பென்னாத்தூரில் அவன் மாமாவின் கடலை மில்லில் வேலை. அங்கே தோல் உடைக்கும் இயந்திரம் இரண்டு முறை தட்டி, மூன்றாவதை விழுங்கி, நாலாவதில் இருமும். அந்த இருமலின் மேல் அக்கார்டியனில் ஒரு மெட்டுப் போட்டுவிட்டான்.

"எவ்ளோ நாள்டா சினிமாப் பாட்டயே வாசிக்கிறது? இதுக்கு நீ எழுது."

நிலா, நதி, தென்றல் எல்லாவற்றையும் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட இருமலில் உட்காரவில்லை. மேலதிகாரிக்கு நேராகப் போன ஒரு மனுவை, படிப்படியாக வரச் சொல்லித் திருப்பி அனுப்ப, 'உரிய வழியாக' என்று எழுதியபோது பேனாவே தாளம் போட்டது.

ஜன்னல் வழி ஜாடை வேணாம்
சந்து வழி தூது வேணாம்
உரிய வழியாக வா

குழுவின் பாடகி அம்சா, ஏகாம்பரத்தின் சித்தப்பா மகள், படித்துவிட்டுச் சொன்னாள்: "இன்னா சார் இது, லவ் சாங்கா, மெமோவா? உரிய வழின்னா எதுன்னு அவனுக்குத் தெரிய வேணாமா?" அவளே கடைசி வரியைச் சேர்த்தாள்: எங்க அப்பாவப் பாத்துட்டு வா. பாட்டுக்கு உயிர் வந்தது அதற்கப்புறம்தான்.

தீபத் திருவிழா மேடையில் அரங்கேற்றம் என்று முடிவாயிற்று. மைக்கில் என் பெயர் ஒலிக்க வேண்டும். அந்த வயதில் எனக்கு வேறு ஆசையே இல்லை. தலைமை எழுத்தர் குறுக்கே வந்தார்.

"கவிதைக்குத்தான்யா விலக்கு. இது பாட்டாச்சே. எதுக்கும் ஒரு மனு போட்டு வையி."

போட்டேன். உரிய வழியாகத்தான். பதில் வரவில்லை. மேடையில் ஏகாம்பரம், "பாடல், ஓர் அரசு ஊழியர்" என்றான். கூட்டம் கைதட்டித் திரும்பப் பாடச் சொன்னது. முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டவர் தலைமை எழுத்தர்.

பஸ் கண்டக்டர்கள்கூட, "உரிய வழியா ஏறுங்க" என்று பாட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கச்சேரியிலும் ஏகாம்பரம் கேட்பான்: "இன்னிக்காவது பேரச் சொல்லட்டுமா?"

"பதில் வரலடா."

"உன் மனு மலை சுத்தப் போயிருக்கு. வந்துரும்."

இன்று அந்த மில் இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். அக்கார்டியன் எங்கே போனதென்று ஏகாம்பரத்துக்கே தெரியாது. அடி அண்ணாமலையில் அந்தத் தள்ளுவண்டிக்காரரிடம் பாட்டைப் பாடிக் காட்டினேன். "சில்லறையா குடுங்க சார்" என்றார்.

அந்தக் காலத்தில் பம்பாய் மாப்பிள்ளைக்கு அம்சா வாழ்க்கைப்பட்டபோது, குழுவின் கடைசிக் கச்சேரி அவள் வரவேற்பிலேயே நடந்தது. தலைமை எழுத்தர் மூச்சிரைக்க வந்து ஓர் உறையை நீட்டினார். "இப்பத்தான்யா வந்துச்சு." உள்ளே ஒரே வரி: அனுமதி தேவையில்லை. ஏகாம்பரம் அதை நாள், பொருள், பார்வை விடாமல் மைக்கில் வாசித்து, கடைசியில் என் பெயரைச் சொன்னான். மணப்பெண் மாலையோடு இறங்கி வந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

பதில் வந்த தேதி: ஆவணி மாதத்து முதல் முகூர்த்த நாள், மாலை.